நர்சிங் உதவியாளர் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) சேரலாமா?

திண்டுக்கல்காரி: அக்காமாரே, தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். நைட் டூட்டி முழுக்க பெட்பேன் வைப்பது, யூரின் பேக் அளந்து எழுதுவது, பக்கவாத நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது. கையில் ஒரு வருடச் சான்றிதழ். நேராக ஜிஎன்எம் இரண்டாம் ஆண்டில் சேரலாமா? வயது 27.

ஸ்டாஃப் நர்ஸ், மதுரை: முடியாதும்மா. 3 வருடமும் முதலிலிருந்துதான். பிளஸ் டூவில் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் வேண்டும். 35 வயது வரை சேரலாம். இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு.

ஐசியூ அக்கா: நானும் உதவியாளராக இருந்து வந்தவள்தான். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வால் எலும்புப் பக்கம் சிவந்துவிடும், படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பம். அதைப் பார்க்கிற கண் உனக்கு ஏற்கெனவே இருக்கும். மருந்தியல்தான் உயிரை எடுக்கும்!

திண்டுக்கல்காரி: சரிக்கா. படித்துக்கொண்டே நைட் டூட்டி பார்க்கலாமா?

ஐசியூ அக்கா: வேண்டவே வேண்டாம். காலையில் வார்டு போஸ்டிங், மதியம் வகுப்பு. எப்போது தூங்குவாய்?