ஒரே பெயர், வேறு ஆள்: எங்கே குழம்புகிறது, எந்தத் தடயம் பிரிக்கிறது

ஏட்டுச்சுவடி

ஒரே பெயர் கொண்ட பிரபலங்கள் என்று பட்டியல் போடுவது எளிது. இந்த இழைக்கு வேண்டியது அதுவல்ல. எந்தப் பெயரில் எத்தனை பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், எந்தத் தடயம் அவர்களைப் பிரித்தது என்று எழுதுங்கள். தடயம் இல்லாத பதிவு வேண்டாம்.

ஔவையாரிலிருந்து தொடங்குகிறேன். சங்கத் தொகைகளில் அவர் பெயரில் 59 பாடல்கள், அதில் 33 புறநானூற்றில். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றுக்கும் ஆசிரியர் ஔவையார்தான். இருவரும் ஒருவரல்லர் என்பதற்கு வழக்கமாக மொழிநடையைக் காட்டுவார்கள். நடை வழுக்கும் சான்று. ஒரே புலவர் அரசனுக்கு ஒரு மாதிரியும் குழந்தைக்கு ஒரு மாதிரியும் எழுதலாமே என்று எதிராளி கேட்டால் வாயடைத்துப் போகும்.

அசையாத சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. நல்வழியின் 40ஆம் வெண்பா குறளையும், தேவார மூவர் தமிழையும், திருவாசகத்தையும், திருமூலர் சொல்லையும் ஒன்றாக அடுக்குகிறது. ஆக, அதைப் பாடியவர் மாணிக்கவாசகருக்குப் பிற்பட்டவர். அதியமானோடு பழகியவர் அவரை அறிந்திருக்க வழியே இல்லை. ஒரு நூல் யாரையெல்லாம் பெயர் சொல்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் கடைசியாக வந்தவருக்குப் பிறகுதான் அந்த நூல்.

இரண்டாவதாக ஒன்று, துணைச்சான்றாக மட்டும். புறநானூறு 235இல் அதியமானை இழந்து புலம்பும் ஔவை, கள்ளையும் எலும்போடு கூடிய ஊனையும் அவன் தமக்குத் தந்ததை நினைவுகூர்கிறார். கொன்றைவேந்தனோ 'நோன்பு என்பது கொன்று தின்னாமை' என்கிறது. படிக்கச் சுவையான முரண்தான். ஆனால் மனிதர் மனம் மாறக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து இரண்டு பேர் என்று தீர்ப்பெழுத முடியாது.

விநாயகர் அகவலும் ஔவை குறளும் யாருடையவை என்பது தனிச் சிக்கல். மொத்தம் எத்தனை ஔவை என்று சண்டை போடுவதைவிட, ஒவ்வொரு நூலையும் தனியாக நிறுத்திக் காலம் பார்ப்பதே வேலை.

பதினோராம் திருமுறை

ஔவைக்குச் சொன்ன அதே முறை கபிலருக்கும் பொருந்தும், ஒரு திருப்பத்தோடு. பாரியின் நண்பரான கபிலர் ஒருவர். சைவ நூல்களின் தொகுப்பான பதினோராம் திருமுறையில் மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலை பாடிய கபிலதேவ நாயனார் இன்னொருவர். அந்த மூத்த நாயனார் பிள்ளையார். சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாட்டைத் தேடினாலும் கிடைக்காது. இங்கே பிரிப்பது மனிதரின் பெயரல்ல, தெய்வத்தின் பெயர். இன்னா நாற்பதுக்கும், கபிலர் அகவலுக்கும், சாங்கியத் தத்துவத்துக்கும்கூட ஆளுக்கொரு கபிலர் உண்டு. இவர்களில் எவரையும் பாரியோடு முடிச்சுப் போட ஆதாரம் கிடையாது.

பரணருக்கும் பரணதேவ நாயனாருக்கும் இதே கதை. பட்டினத்தாரும் அப்படியே: பதினோராம் திருமுறையில் இருக்கும் பட்டினத்துப் பிள்ளையார் அத்தொகுப்புக்கு முந்தியவராகத்தானே இருக்க முடியும்? பத்திரகிரியாரோடு சேர்த்துப் பேசப்படும் சித்தர் பட்டினத்தார் பிற்காலத்தவர்.

நக்கீரர்தான் கெட்டியான சிக்கல். காரணம், தொகுத்தவர்களே சங்க நக்கீரரையும் சைவ நக்கீரரையும் ஒன்றாகக் கருதிவிட்டார்கள். திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரிலும் இருக்கிறது. பழைய தொகுப்பே சொல்கிறது என்று இதைச் சான்றாக நீட்டுபவர்கள் உண்டு. தொகுத்தவரின் நம்பிக்கைக்கு அது சான்று, அவ்வளவுதான். மூன்றாவதாக, இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலின் உரையும் நக்கீரர் பெயரில் வழங்குகிறது. அந்த உரையில் எடுத்துக்காட்டாக வருவன பாண்டிக்கோவைப் பாடல்கள். அவற்றின் தலைவன் நெல்வேலியில் வென்ற நெடுமாறன், சங்க காலத்துக்குப் பிற்பட்ட பாண்டியன். நெடுநல்வாடை பாடிய கை இந்த உரையை இன்றுள்ள வடிவில் எழுதியிருக்க முடியாது. உரை பத்துத் தலைமுறை வாய்வழியாக வந்தது என்று அதுவே சொல்லிக்கொள்வதால், பெயர் மேலே தங்கியது, உள்ளே புதுச் சரக்கு ஏறியது என்று கொள்வதே நியாயம்.

மெய்க்கீர்த்தி

கல்வெட்டில் நிலைமை வேறு. புலவர் பெயர் தற்செயலாக ஒத்துப்போகும். அரசர் பெயர் வேண்டுமென்றே திரும்ப வரும். பாட்டன் பெயரைப் பேரன் சூடிக்கொள்வான், வென்ற முன்னோன் பெயரைத் தோற்கப்போகிறவனும் சூடிக்கொள்வான். இராஜராஜர் மூவர், இராஜேந்திரர் மூவர், குலோத்துங்கர் மூவர். 'முதலாம்', 'இரண்டாம்' என்பவை நாம் ஒட்டிய எண்கள். கல்லில் அவை கிடையாது.

சோழர் கல்வெட்டைக் கையில் எடுத்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பட்டம். சோழர்கள் இராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டையும் மாறி மாறிச் சூடினார்கள். முதலாம் இராஜராஜன் இராஜகேசரி, இரண்டாம் இராஜராஜன் பரகேசரி. தஞ்சைப் பெரிய கோயில் முன்னவன், தாராசுரம் பின்னவன். பெயரும் பட்டமும் சேர்ந்து தெளிவாகப் படிக்க முடிந்தாலே இவ்விருவரும் பிரிந்துவிடுவார்கள். ஆனால் மூன்றாம் இராஜராஜனும் இராஜகேசரி. முதலாமவனையும் அவனையும் பட்டம் பிரிக்காது. இராஜேந்திரர் மூவருமே பரகேசரி, அங்கே பட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து மெய்க்கீர்த்தியின், அதாவது கல்வெட்டின் முகப்பில் அரசன் புகழ் பாடும் பகுதியின், தொடக்கம். 'திருமகள் போல' என்று தொடங்கிக் காந்தளூர்ச் சாலை வெற்றி வந்தால் முதலாம் இராஜராஜன். 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராஜேந்திரன். தொடக்கம் சிதைந்திருந்தால் வெற்றிப் பட்டியலைப் பாருங்கள், எந்த ஊர் கடைசியாகச் சேர்ந்திருக்கிறது என்று. ஆட்சியாண்டு ஏற ஏறப் பட்டியலும் நீளும்.

மூன்றாவது ஆட்சியாண்டு. 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் வெறும் 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பவை ஏராளம். முதலாம் பராந்தகன் 907 முதல் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன். உத்தம சோழன் 985 வரை சுமார் 16 ஆண்டுகள்தான். கல்லில் 30ஆம் ஆண்டு என்றிருந்தால் உத்தமன் விழுந்துவிடுவான். 5ஆம் ஆண்டு என்றிருந்தால் இந்த வழி கைகொடுக்காது. எழுத்தமைதிக்கும், கல்லில் வரும் அதிகாரிகளின் பெயர்களுக்கும் போக வேண்டியதுதான். 'மதுரைகொண்ட' என்ற அடை இருந்தால் பராந்தகன், 'பாண்டியன் தலைகொண்ட' என்றால் இரண்டாம் ஆதித்தன். ஆனால் அவசரம் வேண்டாம். 'மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்று நீண்டால் அது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மூன்றாம் குலோத்துங்கன். அடைமொழியைப் பாதியில் நிறுத்திப் படித்தால் 200 ஆண்டுகளுக்கு மேல் தவறும்.

பாண்டியரில் சுந்தரபாண்டியன் என்ற பெயர் படுத்தும் பாடு தனி. மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216இல் வந்தவன், 'சோணாடு கொண்டருளிய' என்பது அவன் அடை. சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251இல் வந்தவன், 'எல்லாம் தலையானான்' என்று புகழ் கொண்டவன், திருவரங்கத்துக்குப் பொன் வேய்ந்தவன். பட்டம் உடைந்துபோன கல்லில் இவர்களைப் பிரிக்க வானியல் குறிப்புதான் கதி. ஆட்சியாண்டு, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆறும் இருந்தால், இருவரின் ஆட்சிக் காலத்திலும் அந்த ஆண்டுக்கு நேரான தேதியைக் கணக்கிட்டு எது பொருந்துகிறது என்று பார்க்கலாம். சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் இதற்குத்தான். எங்கே தப்பும் என்றால், பூர்வபட்சத்தை (வளர்பிறை) அபரபட்சமாக (தேய்பிறை) கல்லில் கொத்தியவர் மாற்றிவிட்டால் ஆறும் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்போது பட்சத்தைத் திருத்திப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் இரண்டு உறுப்புகளைத் திருத்தினால்தான் பொருந்துகிறது என்றால் அந்தத் தேதியை நம்பாதீர்கள்.

குப்தர் காசு

சின்னதாக ஒன்று. 'முதலாம் சந்திரகுப்தன்' என்று படித்ததும் மௌரியன் என்று நினைப்பவர்கள் அதிகம். மௌரியனுக்கு எண்ணே கிடையாது, அவன் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. எண் போட்டால் குப்த வம்சம், கி.பி. 4ஆம் நூற்றாண்டு. இடையே 600 ஆண்டுகளுக்கு மேல். எண் ஒரு வம்சத்துக்குள் மட்டுமே செல்லும்.

லீலாவதி

கணிதத்தில் இரண்டு ஆரியபடர், இரண்டு பாஸ்கரர். 476இல் பிறந்த ஆரியபடர் ஆரியபடீயம் எழுதியவர். மகாசித்தாந்தம் எழுதிய ஆரியபடர் 10ஆம் நூற்றாண்டு வாக்கில் வருகிறார். இவர்களைப் பிரிக்க எண்ணெழுத்தை, அதாவது எழுத்தால் எண்ணைக் குறிக்கும் முறையைப் பாருங்கள். முன்னவர் தாமே அமைத்த முறையில் 'ய' என்பது 30. பின்னவர் கையாளும் கடபயாதி வகை முறையில் 'ய' என்பது 1. முறை மாறினால் எண் தாறுமாறாகிவிடும், அதனால் எந்த நூல் என்று உடனே தெரியும்.

பாஸ்கரர்களில் மூத்தவர் 629இல் ஆரியபடீயத்துக்கு உரை எழுதியவர். இளையவர் 1114இல் பிறந்து 1150இல் சித்தாந்த சிரோமணி செய்தவர்; லீலாவதி அதில் ஒரு பகுதி. லீலாவதி புகழ்பெற்றதால் எல்லாம் இளையவர் கணக்கில் வரவாகிறது. சைனுக்கான தோராய வாய்பாடு மூத்தவருடையது: கோணம் x பாகை என்றால், x(180−x) என்பதை ஒரு மதிப்பாக வைத்துக்கொண்டு, அதன் 4 மடங்கை, 40500இலிருந்து அதே மதிப்பைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். 30 பாகைக்கு 18000ஐ 36000ஆல் வகுத்து 0.5, மிகச் சரி. 90 பாகைக்குச் சரியாக 1. இதை 12ஆம் நூற்றாண்டில் வைத்தால் 500 ஆண்டுகள் வரலாற்றிலிருந்து காணாமல் போகும்.

யூக்ளிட் கதையும் உண்டு. வடிவியல் எழுதிய அலெக்சாந்திரிய யூக்ளிடையும், சாக்ரடீசின் மாணவரான மெகாரா யூக்ளிடையும் இடைக்கால ஐரோப்பா ஒருவராக்கிவிட்டது. 1505இல் வெனிசில் அச்சான ஜம்பெர்ட்டியின் லத்தீன் பதிப்புகூட ஆசிரியரை மெகாராக்காரர் என்றே போட்டது. பிரிக்கும் தடயம் எளியது: சாக்ரடீஸ் இறந்தது கி.மு. 399, அலெக்சாந்திரியா நகரம் நிறுவப்பட்டது கி.மு. 331. ஆனால் கோஸ் தீவு ஹிப்போகிராட்டீஸ் மருத்துவர், கியோஸ் தீவு ஹிப்போகிராட்டீஸ் பிறைவடிவப் பரப்புகளைக் கணக்கிட்டவர், இருவருமே கி.மு. 5ஆம் நூற்றாண்டு. காலம் அங்கே உதவாது. ஊர்ப்பெயரில் ஓரெழுத்து அச்சுப்பிழை விழுந்தால் மருத்துவர் வடிவியலாளர் ஆகிவிடுவார்.

மெய்க்கீர்த்தி

இரண்டு பிளினிகளையும் இங்கே சேர்க்கலாம். மூத்தவர் 79இல் வெசுவியஸ் வெடித்தபோது இறந்தவர். இளையவர் அந்த மரணத்தைக் கடிதத்தில் எழுதிய சகோதரி மகன். உயிலில் தத்தெடுக்கப்பட்டதால்தான் மாமன் பெயர் அவருக்கு வந்தது. தன் சாவைத் தானே எழுதியிருக்க முடியாது என்று யாருக்கும் தோன்றியிருக்க வேண்டும்; ஆனாலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெரோனாவில் ஜொவான்னி தெ மத்தோச்சீஸ் ஒரு சிறு குறிப்பு எழுதித்தான் இருவர் என்று நிறுவ வேண்டியிருந்தது.

அட்டவணை

நூலக வேலையில் பார்த்தால் தமிழுக்கே உரிய மூன்று இடறல்கள்.

ஒன்று, விகுதி. ராமானுஜர் வைணவ ஆசாரியர், ராமானுஜன் 1887இல் பிறந்த கணிதர். அச்சில் ர், ன் மாறினால் ஆள் மாறிவிடும். தேடும்போது இரண்டு விகுதியையும் போட்டுத் தேடுங்கள், பதியும்போது பிறப்பு இறப்பு ஆண்டைச் சேருங்கள்.

இரண்டு, பெயரைப் பாதியில் வெட்டுவது. மார்ட்டின் லூதர் 1483 முதல் 1546 வரை வாழ்ந்த ஜெர்மானியர். 1968இல் சுடப்பட்டவர் மார்ட்டின் லூதர் கிங். 'கிங்' என்பது அடைமொழி அல்ல, குடும்பப் பெயர். இருவரும் கிறித்தவப் போதகர்கள் என்பதால் சூழலும் காட்டிக்கொடுக்காது.

மூன்று, வேதநாயகம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774–1864, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826–1889, பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர். இருவரும் கிறித்தவர், இருவரும் கீர்த்தனை இயற்றியவர், 38 ஆண்டுகள் ஒரே காலத்தில் வாழ்ந்தவர். 'வேதநாயகர் கீர்த்தனை' என்று மட்டும் இருந்தால் பாடலைத்தான் பார்க்க வேண்டும். நாவல் வந்தது 1879இல், சாஸ்திரியார் இறந்து 15 ஆண்டு கழித்து. நூலில் அந்த நாவலின் பேச்சு வந்தால் கேள்வியே இல்லை.

இதற்கு நேரெதிர்ப் பிழையும் அடிக்கடி நடக்கும். ஒருவரை இருவராக்குவது. பரிதிமாற் கலைஞரும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியும் ஒருவரே. மறைமலை அடிகளும் சுவாமி வேதாசலமும் ஒருவரே. இரண்டு அட்டைகள் இருந்தால் இறந்த ஆண்டை ஒப்பிடுங்கள். பிரிப்பதற்கு உதவும் அதே ஆண்டுதான் சேர்ப்பதற்கும்.

படம் ஒட்டுகிறவர்களுக்கு: புகைப்படக் கலை 1839இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் இறந்தவருக்குப் புகைப்படம் இருந்தால் அது வேறு ஆள்.

பதினோராம் திருமுறை

ஆள் உயிரோடிருக்கும்போதே தீர்த்துக்கொண்ட வழக்கும் உண்டு. 1899இல் வின்ஸ்டன் சர்ச்சில், அதே பெயரில் நாவல் எழுதிக்கொண்டிருந்த அமெரிக்கருக்குக் கடிதம் எழுதி, தாம் 'ஸ்பென்சர்' சேர்த்துக் கையெழுத்திடுவதாக ஒப்புக்கொண்டார். அப்போது புகழ் அமெரிக்கருக்கு. பழைய நூலட்டையில் ஸ்பென்சர் இல்லாத சர்ச்சில் நாவல் கிடைத்தால், அது 1871இல் பிறந்த அமெரிக்கருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஏட்டுச்சுவடி

எண்ணைப் பற்றி மேலே வந்ததற்கு ஒரு சேர்க்கை. ஒரு வரிசைக்குள்ளும் எண்ணைக் கண்ணை மூடி நம்ப முடியாது. போப்பாண்டவர் வரிசையில் 20ஆம் ஜான் என்று ஒருவர் இல்லவே இல்லை. இடைக்காலத்தில் எண்ணியவர்கள் ஒருவரை இருமுறை கணக்கிட்டதால் 1276இல் வந்தவர் 21ஆம் ஜான் என்று தம்மை அழைத்துக்கொண்டார். 23ஆம் ஜான் இரண்டு பேர்: 1410இல் போட்டிப் போப்பாக வந்த கொஸ்ஸா, 1958இல் தேர்வான ரொன்கல்லி. பின்னவர் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டதால் முன்னவர் வரிசையில் சேரமாட்டார் என்பது முடிவானது. 15ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் '23ஆம் ஜான்' என்று வந்தால் கொஸ்ஸா என்று குறித்துக்கொள்ளுங்கள்.