புதுப்பிப்பு: மாநாடு முடிந்தது, போஸ்டர்தான் தொங்கிவிட்டது

ஆகஸ்டில் இங்கே கேட்டிருந்தேன், எங்கள் துறையின் வருடாந்திர இயற்பியல் மாநாட்டையும் மாணவர் பயிலரங்கையும் டிசம்பர் முதல் வாரம் சென்னையில் வைக்கலாமா என்று. பாதிப்பேர் 2023 மிக்ஜாம் புயலை நினைவுபடுத்தி வேண்டவே வேண்டாம் என்றீர்கள். சரி என்று பொங்கல் கழித்து வைத்தோம், போன வாரம் முடிந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

சொதப்பியது வேறு இடத்தில். ஆய்வை விளக்கும் போஸ்டரை ஏ0 அளவில் நெடுவாக்கில் கொண்டுவரச் சொல்லியிருந்தோம், அதாவது உயரம் 119 செ.மீ.; பந்தல்காரர் இறக்கியதோ நாலடிக்கு மூன்றடிப் பலகை, அதுவும் குறுக்குவாக்கில் கால் பொருத்தியது. எல்லாம் கிட்டத்தட்ட ஓரடி கீழே தொங்க, ‘முடிவுகள்’ பகுதியைப் படிக்க நடுவர்கள் குந்தி உட்கார்ந்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, அளவை போனில் வாயால் சொன்னது நான்தான்.

பயிலரங்கில் 40 லேப்டாப், 6 ப்ளக் பாயிண்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வைக்கச் சொன்ன அண்ணாவுக்குக் கோடி நன்றி.

கடைசி நாள் அனுமதி வாங்கி மாணவர்களை நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குக் கூட்டிப்போனோம். 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் அங்கேதான் நிற்கிறது. 1861-இல் வானியலாளர் போக்சன் ‘ஆசியா’ என்ற சிறுகோளைக் கண்டதும் அந்த ஆய்வகத்திலிருந்துதான். தூணிலிருந்த தமிழ் எழுத்துகளை ஒரு மாணவி எழுத்துக்கூட்டிப் படிக்க, உரைகளின்போது தூங்கிய கூட்டமெல்லாம் முண்டியடித்தது!

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் இழுக்கிறது, முடிந்ததும் போடுகிறேன்.