ஏர்லைன் போறதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டரா வேலை பாக்கணுமா?

கேள்வி:
வணக்கம் மக்களே. கமர்ஷியல் லைசென்ஸ் கைக்கு வந்துருச்சு, மல்டி இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (வெளிய எதுவும் தெரியாதப்ப மீட்டரைப் பாத்தே ஓட்டற தகுதி) முடிஞ்சுது. இப்ப டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட மாடல் விமானத்தை ஓட்டற தகுதி) எடுத்து நேரா ஏர்லைன்ல கோ-பைலட்டுக்கு ட்ரை பண்றதா, இல்ல இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்து கொஞ்ச காலம் ஃப்ளையிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கறதான்னு குழப்பம். கூடப் படிச்சவங்க பாதிப்பேர் அது டைம் வேஸ்ட்ங்கறாங்க, சின்ன விமானத்துல எவ்ளோ சுத்துனாலும் ஜெட்டுக்கு உதவாதாம். எனக்கு அப்படித் தோணல, ஆனா ஏன்னு சொல்லத் தெரியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
நான் இன்ஸ்ட்ரக்டரா இருந்துட்டுதான் ஏர்லைனுக்கு வந்தேன், தாராளமா பண்ணுங்க. ஹவர்ஸுக்காக, அதாவது பறந்த மணிக்கணக்கைக் கூட்டறதுக்காகச் சொல்லல. நீங்க ஓட்டும்போது எதாவது பிசகுனா உங்க கை தானா திருத்திடும். ஸ்டூடன்ட் ஓட்டும்போது அப்படி இல்லங்க, லேண்டிங்ல ஃப்ளேர் (தரை தொடறதுக்கு முன்னாடி மூக்கை லேசாத் தூக்கறது) லேட்டாகுதா, மூக்கைத் தூக்கி ஸ்பீடை விடறாங்களா, அதைப் பாத்துக்கிட்டே இன்னும் எவ்ளோ நேரம் விடலாம், எப்ப கன்ட்ரோலை வாங்கணும்னு முடிவு பண்ணிக்கிட்டே இருக்கணும். சீக்கிரம் வாங்கிட்டா அவங்க கத்துக்க மாட்டாங்க, லேட்டானா ரெண்டு பேருக்கும் ஆபத்து. ஏர்லைன்ல ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் மானிட்டரிங், அந்த வேலைக்கு உயிரே இந்தப் பார்வைதான். நாளைக்கு நீங்க கேப்டனாகி புது கோ-பைலட்டை லேண்ட் பண்ண விடறப்ப இதோட அருமை புரியும்.
இன்னொரு விஷயம், இன்ஸ்ட்ரக்டர் உக்கார்றது ரைட் சீட், கோ-பைலட்டும் அங்கதான். த்ராட்டில் இடது கைல, ரன்வே தெரியற கோணமும் வேற, ரெண்டும் முன்னாடியே பழகிடும்.

பதில் 2:
மேல சொன்னதுல எனக்கு மறுப்பில்ல, ஆனா ஹவர்ஸ் சேந்தாலே திறமை வந்துரும்னு யாரும் நம்ப வேணாம். 2009ல அமெரிக்கால பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தாங்க, அதுக்கப்புறம்தான் சட்டம் மாறி 2013லேர்ந்து அங்க கோ-பைலட்டுக்கும் பொதுவா 1500 ஹவர்ஸ் வேணும்னு ஆச்சு, அதை நிரப்பத்தான் அங்க நிறைய பேர் இன்ஸ்ட்ரக்டர் ஆகறாங்க. ஆனா அந்த விமானத்துல இருந்த ரெண்டு பைலட்டுக்குமே 1500க்கு மேல இருந்துச்சு! ஸ்டால் வார்னிங் (இறக்கை தூக்கற சக்தியை இழக்கப் போகுதுங்கற எச்சரிக்கை) வந்தப்ப கேப்டன் மூக்கை இறக்காம கன்ட்ரோலைப் பின்னாடி இழுத்துட்டார். ஐரோப்பால 200 சொச்சம் ஹவர்ஸோட வந்து ஜெட்ல கோ-பைலட்டா உக்கார்றாங்க, அங்க ரெண்டு பேரா சேந்து வேலை செய்யறதுக்கு சிமுலேட்டர்ல தனியா ட்ரெயினிங் உண்டு. ரன்வேயைச் சுத்தி வர்ற ஒரே சர்க்யூட்டைத் திரும்பத் திரும்ப சுத்தி லாக்புக்கை நிரப்புனா அது வராது. தனியா எல்லாத்தையும் செஞ்சு பழகுனவங்களுக்கு கால்அவுட் (முக்கியமானதைச் சத்தமா சொல்றது), எஸ்ஓபி (கம்பெனி வகுத்த நடைமுறை)ன்னு மாறறதும் லேசு இல்ல.

பதில் 3:
எல்லாரும் பைலட் பக்கமே பேசறீங்க, ஸ்டூடன்டை யோசிங்க. கடன் வாங்கி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு கட்டி வர்றவங்க அவங்க. பக்கத்துல உக்காந்தவரு எப்படா ஹவர்ஸ் முடியும்னு இருந்தா அந்தப் பொண்ணோ பையனோ என்ன கத்துக்குவாங்க? சொல்லிக்குடுக்கறதுல ஆசை இருந்தா மட்டும் வாங்க. ஹவர்ஸ் மட்டும்தான் வேணும்னா ஏரியல் சர்வே இருக்கு, ஸ்கைடைவிங்குக்கு ஆளை ஏத்திட்டுப் போற வேலை இருக்கு, கிளைடர் இழுக்கறது இருக்கு, இதுல எதையாவது பாருங்க, தப்பே இல்ல.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. சொல்லிக்குடுக்கறது எனக்கு உண்மையாவே பிடிக்கும், ஜூனியர்ஸுக்கு தியரி எடுத்திருக்கேன். ஒரே பயம், வெயில் நாள்ல மட்டும் பறந்துட்டு இருந்தா இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங் மறந்துடாதா?

பதில் 1:
மறக்கும், விட்டா வேகமா மறக்கும். அதனால அடிப்படை இன்ஸ்ட்ரக்டரோட நிக்காம இன்ஸ்ட்ருமென்ட் சொல்லிக்குடுக்கற தகுதியையும் எடுத்துருங்க, மீட்டரைப் பாத்தே ரன்வேக்கு இறங்கி வர்ற அப்ரோச்சைச் சொல்லிக்குடுக்கறப்ப உங்களுக்கும் கூர்மை போகாது. அதுக்குன்னு ரொம்ப வருஷம் அங்கயே உக்காந்துடாதீங்க, நிறைய ஏர்லைன்ல சேந்த தேதியை வச்சுதான் சீனியாரிட்டி, கேப்டன் ஆகறது, லீவு, ரூட் எல்லாம் அதுலதான் தொங்குது. சொல்லிக்குடுத்துக்கிட்டே அப்ளை பண்ணிட்டு இருங்க, இன்டர்வியூ கால் வந்தா போயிருங்க, ஆனா நடுவுல இருக்கற ஸ்டூடன்ட்ஸை வேற இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ஒழுங்கா ஒப்படைச்சுட்டுப் போங்க.