ஹெட்லைட் பல்பு மாற்றினால் ஏசி கம்ப்ரெசருக்கு வாரண்ட்டி கிடையாதா?

பாலக்கோடு டீசல்:
வணக்கம் நண்பர்களே. வண்டி டீசல் எஸ்யூவி, ஓசூரில் ஒரு டீலரிடம் எடுத்தது, இப்போது நான்காவது வருஷம் ஓடுகிறது. கம்பெனி வாரண்ட்டி முடிவதற்கு முன்பே பணம் கட்டி எக்ஸ்டெண்டெட் வாரண்ட்டி போட்டுவிட்டேன், ஒரு சர்வீஸ்கூட வெளியில் விட்டதில்லை. நான் மாற்றியது என்று பார்த்தால் 17 இஞ்ச் அலாய், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு, அவ்வளவுதான்.

போன வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜின் பக்கம் கரகரவென்று சத்தம், அப்புறம் ஏசியில் அனல் காற்று. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு கம்ப்ரெசர் போச்சு, கூடவே கண்டென்சர் (கேஸைக் குளிர வைப்பது), டிரையர் (கேஸில் ஈரத்தை உறிஞ்சுவது), கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். வாரண்ட்டியில் போடுங்கள் என்றால், "ஹெட்லைட் வயர்ல கை வச்சிருக்கீங்க சார், எலக்ட்ரிக்கல் எதுவும் கவர் ஆகாது" என்கிறார் அட்வைசர். அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். நல்ல வெயில் காலத்தில் வீட்டில் வயசானவர்களை வைத்துக்கொண்டு ஏசி இல்லாத வண்டியில் போக முடியவில்லை. பணத்தைக் கட்டி எடுத்துவிடுவதா, இல்லை நின்று கேட்பதா?

நாலு ரோடு மெக்கானிக்:
தம்பி, பணம் கட்டாதீங்க. முதலில் கம்ப்ரெசரில் எது போனது என்று தெரியணும். கிளட்ச் காயில் (கரண்ட் வந்ததும் கம்ப்ரெசரை இன்ஜினோடு சேர்க்கும் கம்பிச் சுருள்) எரிந்ததா, உள்ளே ஜாம் ஆனதா? இரண்டும் வேற வேற கதை. ஹெட்லைட்டுக்கு ஒரு ஃபியூஸ், ரிலே (கரண்ட்டில் இயங்கும் சுவிட்ச்); கம்ப்ரெசர் கிளட்ச்சுக்குத் தனி ஃபியூஸ், தனி ரிலே. பானெட்டைத் திறந்தால் ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலேயே படம் போட்டிருக்கும், அதைக் காட்டியே பேசுங்க.

காயிலுக்கு மல்டிமீட்டர் வைத்தால் பெரும்பாலும் மூணு, நாலு ஓம் காட்டும். காட்டினால் காயில் நல்லா இருக்கு. கரகர சத்தம் வந்ததென்று நீங்க சொல்றதைப் பார்த்தால் எனக்கு உள்ளே பேரிங்கோ பிஸ்டனோ தேய்ந்து போன மாதிரிதான் படுது. அப்படி இருந்தால் பைப்பைக் கழட்டும்போது வரும் ஆயிலை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்க, கருப்பாக, வெயிலில் பிடித்தால் மினுமினு என்று மெட்டல் தூள் தெரியும். அந்தத் தூள் கண்டென்சருக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அதனால்தான் கண்டென்சரையும் எஸ்டிமேட்டில் சேர்த்திருக்காங்க. அப்போ அவங்க எஸ்டிமேட்டே சொல்லுது, இது மெக்கானிக்கல் ஃபெயிலியர் என்று. எல்இடி பல்பு எப்படி பிஸ்டனைத் தேய்க்கும்? கேளுங்க.

இன்னொன்று, எல்இடி பல்பு கப்ளருக்குக் கப்ளர், அதாவது கம்பெனி சாக்கெட்டிலேயே அப்படியே மாட்டியதா, வயரை வெட்டி டேப் சுற்றியதா? 60/55 வாட் பல்பு இருந்த இடத்தில் ரிலே இல்லாமல் 100/90 போட்டவர்களுக்கு கப்ளரே உருகி வந்ததை நிறையப் பார்த்திருக்கேன், அங்கே கம்பெனி மறுத்தால் நியாயம். எல்இடி அதைவிடக் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும்.

காவேரிப்பட்டணம்:
நான் டீலர் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். என் நண்பர் ஒருவர் இசியூ ரீமேப் (பவர் கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) செய்துவிட்டு டர்போ போனதும் வாரண்ட்டி கேட்டார். கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றி ஓட்டினால் டர்போ, கிளட்ச் இரண்டுக்கும் சுமை கூடும். சர்வீஸுக்குப் போகும்போது கம்பெனியின் பழைய சாஃப்ட்வேர் ஃபைலை ஏற்றிக்கொண்டு போனால் தெரியாது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல இசியூக்களில் அப்படியே நிற்கும். ஆனால் ரீமேப் செய்தவருக்குக்கூட பவர் விண்டோ மோட்டார் போனால் வாரண்ட்டி உண்டு என்றுதான் நான் சொல்வேன். பால்கோவாவில் சர்க்கரை கூடிவிட்டது என்று பாத்திரத்தைத் தூக்கிப்போட முடியாது.

உங்கள் வாரண்ட்டி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அது கார் கம்பெனி கொடுத்ததா, டீலர் வேறு ஒரு கம்பெனியுடையதை விற்றாரா? இரண்டாவது என்றால் முடிவெடுப்பது டீலர் இல்லை, அந்தக் கம்பெனிக்கு நேரடியாக எழுத வேண்டும். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பேட்டரி மாதிரி தேய்மானப் பொருள் பெரும்பாலும் இதில் வராது. கம்ப்ரெசர் வருமா என்பது லிஸ்ட்டில் தெளிவாக இருக்கும்.

தருமபுரி வக்கீல் வீட்டுப் பையன்:
எழுதித் தர மறுக்கிறார்கள் அல்லவா, அங்கேதான் பிடி இருக்கிறது. நீங்களே ஈமெயில் போடுங்கள்: ஜாப் கார்டு எண், தேதி, "எந்த மாற்றம் எந்தப் பாகத்தை எப்படிக் கெடுத்தது, வாரண்ட்டியின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள்" என்று கேட்டு, கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஒரு காப்பி. பழைய கம்ப்ரெசரைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு நுகர்வோர் ஆணையம் லேபுக்கு அனுப்பச் சொன்னால் பொருள் வேண்டும்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்ட வழக்கு ஞாபகம் இருக்கிறதா? வெளி மெக்கானிக்கிடம் போனாலே மொத்த வாரண்ட்டியும் ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்று அதில் சொன்னார்கள். அந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது, விஷயமும் வெளி ரிப்பேரைப் பற்றியது, மாடிஃபிகேஷனைப் பற்றியது அல்ல. அதனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். ஆனால் "காரணத்தைக் காட்டு" என்ற வாதத்துக்கு அது பலம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், வண்டி ஓசூரில் வாங்கியது என்பதற்காக அங்கே அலைய வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

அப்புறம் எஸ்டிமேட்டில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 போட்டிருந்தால் அப்படியே நிறுத்துங்கள்.

பாலக்கோடு டீசல்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணே, நீங்க சொன்ன மாதிரி காயில் செக் செய்யச் சொன்னேன், 3.6 ஓம். பைப்பை என் எதிரிலேயே கழட்டினார்கள், ஆயில் கருப்பு, துணியில் தூள் மினுங்கியது, போட்டோ எடுத்துவிட்டேன். பல்பு கப்ளருக்குக் கப்ளர்தான், ஒரு இடத்திலும் வெட்டவில்லை, அதையும் அட்வைசருக்குக் கழட்டிக் காட்டினேன். வாரண்ட்டி கார் கம்பெனி கொடுத்ததுதான், கம்ப்ரெசர் லிஸ்ட்டில் இருக்கிறது. ஈமெயில் போட்ட பிறகு ஏரியா மேனேஜர் பார்ப்பார் என்று பதில் வந்திருக்கிறது. எஸ்டிமேட்டில் ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், த்ராட்டில் கிளீனிங் என்று 3,000 ரூபாய்க்குச் சேர்த்திருந்ததை நீக்கச் சொன்னேன், உடனே நீக்கிவிட்டார்கள்.

நாலு ரோடு மெக்கானிக்:
நல்லது தம்பி. வாரண்ட்டியில் போட்டுக் கொடுத்தாலும் டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதுசா என்று கேட்டு, லைன் ஃபிளஷ் (பைப்பைக் கழுவித் தூளை வெளியேற்றுவது) பண்ணும்போது பக்கத்தில் நில்லுங்க. தூள் உள்ளேயே தங்கினால் புது கம்ப்ரெசரும் தாங்காது.