பார்த்தினன்: பழைய இரும்பு தாங்கியது, புதிய இரும்பு ஏன் கல்லைப் பிளந்தது?

கேள்வி (வாசல்படி)

ஏதென்ஸ் பார்த்தினன் கோயிலைக் கட்டிய காலத்திலேயே (கி.மு. 447–432) கற்களை இரும்புக் கவ்விகளால் இணைத்திருக்கிறார்கள். அவற்றில் பல இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனால் 1898-க்கும் 1933-க்கும் இடையே நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் நடத்திய சீரமைப்பில் போட்ட இரும்பு சில பத்தாண்டுகளிலேயே பளிங்கை வெடிக்க வைத்துவிட்டது. இரண்டும் இரும்புதானே? இன்னொன்று, 1975-இலேயே கோயிலைப் பாதுகாத்துச் சீரமைக்கக் குழு அமைத்துவிட்டார்கள். கீழே கிடக்கும் கற்களை எடுத்து அடுக்குவதற்கு ஏன் இத்தனை காலம்?

பதில் (உளிமுனை)

முக்கிய வித்தியாசம் இரும்பைச் சுற்றியிருந்த ஈயத்தில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கற்கள் சேரும் இடத்தில், மேல்முகத்தில் குறுக்காக ஒரு குழி வெட்டுவார்கள். கவ்வியை அதில் இறக்கி, சுற்றிலும் இடைவெளி நிறைய ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். அந்த உறை காற்றையும் நீரையும் தடுத்தது. ஈயம் மென்மையானது என்பதால் நிலம் அதிரும்போது இரும்பு நேராகக் கல்லை இடிக்காமல் மெத்தை போலவும் உதவியது. ஈய உறை சிதைந்த இடங்களில் பழைய இரும்பும் துருப்பிடித்தது என்பதைக் கவனியுங்கள்.

கல்லின் வாயைப் பொருத்திய விதமும் முக்கியம். தொடும் முகத்தில் ஓரப்பட்டையை மட்டும் வழவழப்பாக இழைத்து, நடுவைச் சற்றே தாழ்வாகக் கொத்தி விடுவார்கள். முகம் முழுவதையும் சமமாக்க முயன்றால் நடுவில் ஒரு சிறு மேடு நின்றாலும் போதும், ஓரம் ஒட்டாது. இந்த முறையில் ஓரங்கள் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் சேரும். மழைநீர் உள்ளே இறங்க வழியில்லை.

பலானோஸ் காலத்து இரும்புக்கு ஈய உறை இல்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பளிங்கு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே உள்ளிருந்து பிளக்கும். பிளவு வழியே இன்னும் நீர் போகும், துரு இன்னும் வேகமாக வளரும்.

தூண் உருளைகளுக்கு நடுவே இரும்பே கிடையாது. சதுரக் குழியில் ஒரு மரக்கட்டை, அதன் மையத்தில் ஒரு மர முளை. உருளையை மையம் பிசகாமல் உட்கார வைக்க அதுவே போதும்.

பதில் (தூக்குக்குண்டு)

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தில் ரசமட்டம் வைத்தால் நேர்கோடு கிடைப்பது அரிது. தூண்கள் நிற்கும் தளத்தின் நடுப்பகுதி, சுமார் 31 மீட்டர் அகலப் பக்கத்தில் 6 செ.மீ., 69.5 மீட்டர் நீளப் பக்கத்தில் 11 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 10.4 மீட்டர் உயரத் தூண்கள் சுமார் 7 செ.மீ. உள்நோக்கிச் சாய்கின்றன, மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடச் சற்றுத் தடிமன். இதனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கற்களின் கோணங்கள் உண்மையில் வேறு வேறு. ஒவ்வொரு கல்லுக்கும் அதற்கென்று ஓர் இடம்தான்.

பலானோஸ் இதைப் பொருட்படுத்தாமல், அளவு ஏறக்குறைய ஒத்துவந்த கல்லைக் கிடைத்த இடத்தில் வைத்தார். அதையெல்லாம் இறக்கி, அசல் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்துக் கல்லின் கவ்விக்குழியோடு நேர் வருகிறதா, முகத்தின் கோணம் என்ன, மழை எந்தப் பக்கம் அரித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வேலையில் பெரும்பகுதி இந்தத் தேடல்தான். என் கருத்தில், அவசரப்படாதது சரியே.

பதில் (வெண்பளிங்கு)

இன்று உடைந்த கல்லை ஒட்டும் முறை: முறிந்த முகத்தைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதைப் பார்த்து ஏதென்ஸ் அருகிலுள்ள பென்டெலி மலைப் பளிங்கில் விடுபட்ட பகுதியைச் செதுக்குகிறார்கள். பழைய முறிவைச் சமப்படுத்துவதே இல்லை. புதிய துண்டுதான் அதற்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டும். உள்ளே டைட்டானியக் கம்பி, பிடிமானத்துக்கு வெள்ளை சிமென்ட். கம்பி வலுவாக இருந்தால் நல்லது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. நிலநடுக்கத்தில் பளிங்கு உடையும் முன் கம்பி நெகிழும்படி அதன் தடிமனைக் கணக்கிடுகிறார்கள்.

மறுகேள்வி (வாசல்படி)

எவர்சில்வர் போதாதா? விலையும் குறைவு.

பதில் (உளிமுனை)

போதாது. வெயிலில் அது விரிவது டைட்டானியத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பளிங்கோ குறைவாகவே விரியும். உப்புக் கலந்த ஈரம் தேங்கும் இடுக்குகளில் எவர்சில்வரும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கல்லுக்குள் புதைந்த கம்பியை வெளியே எடுத்துப் பார்க்க முடியாது.