ஜம்ஷெட் பாபாவை நான் அறிந்துகொண்ட விதம்

இங்கே பலரும் தாங்கள் நேரில் சந்தித்த கொடையாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். மும்பையில் வாழ்ந்து 2007இல் மறைந்த ஜம்ஷெட் பாபாதான் அவர். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் தம்பி, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் அறங்காவலர்களில் ஒருவர், நரிமன் பாயின்டின் கடலோரத்தில் இருக்கும் என்.சி.பி.ஏ. என்ற தேசிய நிகழ்த்துகலை மையத்தை 1969இல் நிறுவியவர் என்று அவரை அறிமுகப்படுத்தலாம். ஆனால் எனக்கு அவர் அறிமுகமானது இந்தப் பட்டங்களின் வழியாக அல்ல. ஒரு வீணைக் கச்சேரி, ஒரு மருத்துவமனை, ஓர் ஆவணப்படம் ஆகிய மூன்றின் வழியாகத்தான்.

வங்கி வேலை கிடைத்து மும்பைக்கு வந்து மாட்டுங்காவில் குடியேறிய எனக்குக் கச்சேரி என்றால் சண்முகானந்தா சபாதான். அங்கே சுமார் 2,700 பேர் உட்காரலாம். மார்கழியில் ஊருக்குப் போக முடியாத குறையை அந்தச் சபாதான் எனக்குத் தீர்த்துவைத்தது. அவ்வளவு பெரிய அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமல் பாட முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே, கர்நாடக சங்கீதம் என்றாலே பெட்டியின் வழியாக வரும் ஒலிதான் என்று என் காது பழகிப்போயிருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் என்.சி.பி.ஏ. வளாகத்தில் உள்ள டாட்டா தியேட்டருக்கு ஒரு வீணைக் கச்சேரிக்குப் போனேன். எங்களுக்குக் கிடைத்தது பின்வரிசை. மேடையில் மைக் இல்லை. வீணையின் ஓசை இவ்வளவு தூரம் எப்படி வரும் என்று நான் நண்பரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதே வித்துவான் சுருதி சேர்க்கத் தொடங்கினார். தாளத் தந்தியை அவர் மீட்டிய ஒலி, மடிமேல் வைத்து வாசித்ததைப் போல வந்து சேர்ந்தது. ஆலாபனையில், இடக்கை விரல்கள் மெட்டுகளின் மேல் தந்தியை இழுத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தைப் பிடிக்கும்போது எழும் மெல்லிய உரசல்கூடக் கேட்டது. ஒரு மீட்டில் பிறந்த நாதம் தேய்ந்து முடியும் வரையில் காத்திருந்து, அந்தத் தேய்விலேயே அடுத்த ஸ்வரத்தை அவர் எடுத்ததை அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன். மிருதங்கக்காரரும் இடப்பக்கத் தோலான இடந்தலையை விரலால் தொட்டும் தொடாமலும் வாசித்தார். சத்தத்துக்காக யாரும் யாரோடும் போட்டியிட வேண்டிய அவசியம் அங்கே இருக்கவில்லை.

அதன் பிறகுதான் இப்படி ஓர் அரங்கை யார், எதற்காகக் கட்டினார்கள் என்று தேடத் தொடங்கினேன். 1980இல் இந்திரா காந்தி திறந்துவைத்த அந்த அரங்கை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன். ஒலியமைப்பைக் கவனித்தவர், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கிலும் பணியாற்றிய சிரில் ஹாரிஸ். இத்தகைய பெயர்களை வரவழைப்பதற்குப் பணமும் செல்வாக்கும் இருந்தால் போதும். எனக்கு வியப்பளித்தது அதன் பிறகு நடந்ததுதான். மேற்கத்திய இசை அரங்கு ஒன்றின் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து அரபிக்கடலின் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போகாமல், இந்திய இசையும் நடனமும் எப்படிக் கேட்கப்படுகின்றன, எப்படிப் பார்க்கப்படுகின்றன என்பதிலிருந்து அவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். நாட்டியம் ஆடுகிறவரின் கண் அசைவு கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும், பாடகரின் முகம் ரசிகனிடமிருந்து வெகுதூரம் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் ஏறத்தாழ ஆயிரம் இருக்கைகளும் மேடையைச் சூழ்ந்து விசிறிபோல் விரிகின்றன. கேட்கத் தெரிந்த ஒருவர் கொடையாளராக அமைந்ததால்தான் இது நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹோமியும் ஜம்ஷெட்டும் சிறுவயதிலிருந்தே பீத்தோவனையும் மோட்ஸார்ட்டையும் இசைத்தட்டுகளில் கேட்டு வளர்ந்தவர்கள். மேற்கத்திய இசையில் ஊறிய அந்தக் காது இந்திய இசைக்கு வேறு வகை அரங்கு தேவை என்பதை உணர்ந்திருந்ததே என் மதிப்பில் ஜம்ஷெட்டின் பெரிய தகுதி. அந்த இடமும் சும்மா கிடைத்துவிடவில்லை. நரிமன் பாயின்டில் கடலைத் தூர்த்து மண்ணை மீட்டு அதன்மேல் எழுப்பிய வளாகம் அது.

அவர் குடும்பத்தின் இன்னொரு கொடையை நான் அறிந்த சூழ்நிலை வேறானது. பணி ஓய்வுக்குப் பிறகு, பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வரும் தமிழ் நோயாளிகளுக்கு மொழி உதவி செய்துவருகிறேன். இந்தி தெரியாமல், கையில் மருத்துவக் கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எந்தச் சன்னலில் எந்தச் சீட்டைக் கொடுப்பது என்று புரியாமல் நிற்பவர்களை அங்கே நாள்தோறும் பார்க்கலாம். தென்காசிப் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஓர் அம்மாள், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோது என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரிய யாரு கட்டிப்போட்டது? கெவர்மென்ட்டா?"

"இப்போ நடத்துறது அரசாங்கம்தாம்மா. ஆனா கட்டினது ஒரு அறக்கட்டளை. ஒரு அம்மா ரத்தப் புற்றுநோயில தவறிட்டாங்க. அடுத்த வருஷமே அவங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு. அவர் எழுதிவச்ச சொத்துல கட்டினது."

"அந்தம்மா பேரு என்ன?"

"மெஹர்பாய்."

அவர் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் சாய்ந்திருந்த மகளிடமும் சொன்னார்.

நான் சொன்ன மெஹர்பாய் டாட்டா, ஜம்ஷெட்டின் சொந்த அத்தை. 1931இல் அவர் இறந்தார். கணவர் தோராப்ஜி 1932இல் இறப்பதற்கு முன் தம் செல்வத்தை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். மெஹர்பாய் அணிந்திருந்த, கோஹினூரைவிட இரண்டு மடங்குக்கும் அதிக எடை கொண்ட 245 காரட் ஜூபிலி வைரம் பின்னர் விற்கப்பட்டு அந்தப் பணமும் அறக்கட்டளைக்கே போய்ச் சேர்ந்தது. 1941இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1962இல் அது அணுசக்தித் துறையின் பொறுப்புக்குப் போனதில் ஹோமி பாபாவுக்குப் பங்குண்டு. இதே அறக்கட்டளையில்தான் ஜம்ஷெட் அறங்காவலராக இருந்தார். புற்றுநோயாளிகள் நடைபாதையில் படுத்துக் கிடக்கும் ஊரில் சங்கீதத்துக்கு அரங்கு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. பரேலிலும் நரிமன் பாயின்டிலும் என் பொழுதைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் படவில்லை. ஒரே அறக்கட்டளை இரண்டையும் செய்திருக்கிறது. ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டியதாக நான் அறிந்தவரையில் எதுவும் இல்லை. சண்முகானந்தா சபாவும் கச்சேரிகளோடு சேர்த்து ஏழைகளுக்கு மருத்துவ உதவி செய்துவருவதை நம்மவர்கள் பலர் அறிவார்கள்.

அவருடைய விடாமுயற்சிக்கு ஒரு சான்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதே வளாகத்தில் ஓப்பராவுக்கும் பெரிய இசைக்குழுக்களுக்கும் ஏற்ற இன்னோர் அரங்கு கட்டி முடியும் தறுவாயில் 1997இல் தீப்பிடித்து எரிந்தது. அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மறுபடியும் கட்டி, 1999இல் திறந்தார்கள். இன்று ஜம்ஷெட் பாபா தியேட்டர் என்று அழைக்கப்படுவது அதுதான். இந்திய சிம்ஃபொனி இசைக்குழு என்.சி.பி.ஏ.வில் 2006இல் தொடங்கப்பட்டபோதும் அவர் உயிரோடு இருந்தார். மலபார் ஹில்லில் தாம் வாழ்ந்த மெஹ்ராங்கீர் என்ற பங்களாவையும் மையத்துக்கே விட்டுச்சென்றார். 2014இல் அது 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஹோமி வாழ்ந்த வீடு என்பதால் அதை நினைவகமாக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் பலர் கேட்டார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஹோமியின் பெயரைத் தாங்கி டிராம்பேயில் ஓர் ஆராய்ச்சி மையமே இருக்கும்போது, கலைக்கென்று தம்பி எழுதிவைத்த வீடு கலைக்கே பயன்பட்டதில் தவறில்லை என்பது என் கருத்து.

இனி ஆவணப்படம். தமிழர்களாகிய நாம் என்.சி.பி.ஏ.வுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்பதால் இதைக் கடைசியில் வைத்தேன். அந்த மையம் தொடக்க காலத்திலிருந்தே இசையை ஒலிப்பதிவு செய்து சேமிப்பதை ஒரு கடமையாகக் கொண்டிருந்தது. மேடையில் ஒருமுறை நிகழ்ந்து மறைந்துவிடும் கலையைப் பதிந்துவைக்க வேண்டும் என்ற அதே அக்கறையில், தமிழ்நாடு அரசுடன் சேர்ந்து 1976இல் அது தயாரித்த படம்தான் 'பாலா'. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் இயக்கிய, சுமார் அரை மணி நேரம் ஓடும் படம் அது. வீணை தனம்மாளின் பேத்தி, கந்தப்ப பிள்ளையின் சீடர், ஏழாவது வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர், 1973இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் என்றெல்லாம் அவரைப் பற்றிப் படித்திருந்தேன். ஆனால் அவர் ஆடி நான் பார்த்ததில்லை. மும்பையில் ஒரு சிறிய திரையிடலில் அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் படித்தவற்றுக்கெல்லாம் உருவம் கிடைத்தது.

கடற்கரை மணலில் அவர் 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' பாடலுக்கு அபிநயம் பிடிக்கும் காட்சியைப் பலர் குறை கூறுவார்கள். காற்று புடவையை அலைக்கழிக்கிறது, வெளிச்சம் கடுமையாக இருக்கிறது, மேடையில் பார்த்த பாலா இவர் அல்லர் என்பது அவர்கள் கட்சி. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அந்தக் காற்றுக்கு நடுவில், குழந்தையை அழைக்கும் கை ஒருமுறை நீண்டு, அது வராததைக் கண்டு மெல்லத் தளர்ந்து, கண் மட்டும் இன்னும் அழைத்துக்கொண்டே இருக்கும் அந்தச் சில நொடிகளில் எனக்கு மணலும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. அப்போது பாலசரஸ்வதிக்கு ஐம்பத்தெட்டு வயது. அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் அவர் காலமாகிவிட்டார். அவருடைய இளமைக்கால ஆட்டத்தைப் படமாக்க யாரும் முன்வரவில்லை என்பது நம் பக்கத்து இழப்பு. அந்த வயதிலாவது பதிவாகட்டும் என்று ஒரு பார்ஸிக் கொடையாளர் மும்பையில் உருவாக்கிய நிறுவனம் நம் அரசோடு கைகோத்தது. வங்காள இயக்குநர் ஒருவர் படமெடுத்தார். அதனால்தான் நானும் என் வயதினரும் இன்று அந்தக் கையசைவைப் பார்க்க முடிகிறது.

இந்தப் படத்தை வாய்ப்புக் கிடைத்தவர்கள் அவசியம் பாருங்கள். சென்னையில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தை நேரில் கண்ட மூத்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், மேடையில் கண்டதற்கும் படத்தில் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படத்தை மட்டும் பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.