பாறைக்குழிக்குக் குறுக்கே எத்தனை அடி? இறங்காமல் அளக்க வழி சொல்லுங்கள்

காங்கேயம் தோட்டக்காரர்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் கொறங்காட்டு (மாடு மேயும் நிலம்) ஓரத்தில் பழைய பாறைக்குழி ஒன்று இருக்கிறது. கல் உடைப்பதை நிறுத்திப் பல வருசம் ஆகிவிட்டது, இப்போது மழைத் தண்ணீர் நிற்கிறது. மோட்டார் இந்தக் கரையில். மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி அந்தக் கரையில், ஒரு பெரிய வெள்வேல மரத்தடியில். டிரம் கட்டி மிதக்கவிட்டுக் குறுக்கே பைப் போடலாம் என்று இருக்கிறேன். சுற்றிப் போட்டால் மூன்று மடங்கு நீளம் வரும், வழியெல்லாம் சீமைக்கருவேல முள்.

பைப் வாங்கும் முன் தூரம் தெரிய வேண்டும். போன் மேப்பில் அளந்து பார்த்தேன். பாறையும் நிழலும் ஒரே நிறமாகத் தெரிவதால் கரை எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. ஒரு தடவை 180 அடி, இன்னொரு தடவை 215 அடி. இடுப்பில் கயிறு கட்டி நீந்திப் போகிறேன் என்று மகன் சொன்னான், நான் விடவில்லை. குழிக்குள் எங்கே பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அவன் பத்தாவது படிக்கிறான். முக்கோணவியலில் இதே மாதிரி கணக்கு இருக்கிறது என்று புத்தகத்தைக் காட்டினான். ஆனால் புத்தகத்தில் கோணம் 60 என்று அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். காட்டில் நின்றால் கோணத்தை யார் கொடுப்பது?

தாராபுரம், ஓய்வு பெற்ற சர்வேயர்:

தம்பி, பையனை நீந்த விடாதது மிக நல்ல காரியம். தண்ணீர் பக்கமே போக வேண்டாம். நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த வேலையில் கணக்கு கால் பங்கு, கோணம் எடுப்பது முக்கால் பங்கு.

இந்தக் கரையில் மரத்துக்கு நேர் எதிரே ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து கரையோரமாக, மரத்தைப் பார்க்கும் கோட்டுக்குச் செங்கோணத்தில் 100 அடி போய் இரண்டாவது முளை. செங்கோணத்துக்கு 3, 4, 5 என்ற அளவில் கயிற்றால் முக்கோணம் போட்டால் போதும், 3க்கும் 4க்கும் நடுவில் செங்கோணம் விழும். இந்த 100 அடிதான் உங்கள் அடிக்கோடு. இதைத் தரையில் டேப் பிடித்து அளக்கிறீர்கள், மற்றதெல்லாம் கண்ணால்.

கோணமானி வேண்டாம். கணக்குப் பெட்டியில் வரும் சின்னக் கோணமானியில் ஒரு டிகிரி பிசகுவது சாதாரணம். 200 அடி தூரத்தில் அந்த ஒரு டிகிரி எட்டு ஒன்பது அடியை விழுங்கிவிடும். அதற்குப் பதில் நான்கடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை எடுத்து, ஒரு மூலைக்குப் பக்கத்தில் ஆணி அடியுங்கள். ஆணியிலிருந்து குட்டை விளிம்பை ஒட்டி 40 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. அது முடியும் இடத்தில் செங்குத்தாக, நீள விளிம்பு வாக்கில் இன்னொரு கோடு. இரண்டாவது முளை மேல் பலகையை மட்டமாக வைத்து, 40 சென்டிமீட்டர் கோடு முதல் முளையை நேராகப் பார்க்கும்படி திருப்பி, அசையாமல் கல் வையுங்கள். அப்புறம் ஆணிக்குப் பின்னால் கண்ணை வைத்து மரத்தைப் பாருங்கள். இன்னொருவர் செங்குத்துக் கோட்டின் மேல் ஒரு குண்டூசியை மெல்ல நகர்த்தட்டும். ஆணி, குண்டூசி, மரம் மூன்றும் ஒன்றை ஒன்று மறைக்கும் இடத்தில் குத்திவிடுங்கள்.

குண்டூசி 80 சென்டிமீட்டரில் நின்றால் 80 வகுத்தல் 40, அதாவது 2. அடிக்கோடு 100 அடியை 2ஆல் பெருக்கினால் தூரம் 200 அடி. பையனிடம் சொல்லுங்கள், அவன் புத்தகத்தில் இருக்கும் டேன் இந்த 2 தான். கோணம் எத்தனை டிகிரி என்று தெரியாமலே டேன் கைக்கு வந்துவிட்டது.

அக்கரை கொஞ்சம் மேடாக இருந்தாலும் கவலை இல்லை. பலகை மட்டமாக இருந்து, குண்டூசி நெட்டுக்குத்தாக நின்றால் கிடைப்பது கிடைமட்டத் தூரம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சங்கிலி இழுத்தவன், அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை 57 நாள் சங்கிலி போட்டு அளந்தார். 1806இல் நம் கோயம்புத்தூர்ச் சீமையிலும் ஓர் அடிக்கோடு. அதற்குப் பிறகு மலை மலையாக ஏறிக் கோணம் எடுத்தே நாட்டை அளந்துகொண்டு போனார்கள். அவர்களிடம் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி இருந்தது, உங்களிடம் பிளைவுட் இருக்கிறது. முறை ஒன்றுதான். ஆனால் ஒரு தடவை அளந்து நம்பாதீர்கள். முதல் முளைக்கு மறுபக்கமும் அடிக்கோடு போட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

காங்கேயம் தோட்டக்காரர்:

ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பார்த்தோம். வலப்பக்கம் 100 அடி போட்டதில் 207 வந்தது. இடப்பக்கம் கிளுவை வேலி குறுக்கே வருவதால் 70 அடிதான் இடம், அதில் 190 வந்தது. 17 அடி வித்தியாசம். பலகை மேல்தான் தப்போ?

கோபி, கணக்கு ஆசிரியர்:

பலகை மேல் தப்பு இருக்காதுங்க. ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் முதல் முளையில் செங்கோணம் சரியாக விழவில்லை என்று அர்த்தம். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது. 3, 4, 5 அடியில் சின்ன முக்கோணம் போட்டீர்களா? ஐந்தடிக் கயிறு அரை அங்குலம் இழுபட்டாலே ஒரு டிகிரி போய்விடும். 15, 20, 25 அடியில் போடுங்கள். அதே ஒரு டிகிரிக்கு இரண்டரை அங்குலம் தப்பு வர வேண்டும், அது கண்ணுக்கே தெரிந்துவிடும். நைலான் கயிறு வேண்டாம், டேப்பையே பிடியுங்கள்.

காங்கேயம் தோட்டக்காரர்:

நைலான் கயிறுதானுங்க, மூன்றடி நான்கடியில்தான் போட்டோம். நேற்றுச் சாயங்காலம் டேப் வைத்து 15, 20, 25இல் மறுபடி போட்டோம். வலப்பக்கம் குண்டூசி 79.6இல் நின்றது, 199 அடி. இடப்பக்கம் 201. மகன் பலகையைக் கீழே வைக்காமல் குதித்தான். 200 என்று எடுத்துக்கொண்டேன். கோடையில் தண்ணீர் 25 அடி இறங்கும். இரண்டு கரைச் சுவருக்கும் சேர்த்து 50, தொய்வுக்கு 10, ஆக 260 அடி பைப் சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த வெள்வேல மரத்தின் உயரத்தையும் இந்தக் கரையில் இருந்தே எடுக்க முடியுமா என்று கேட்கிறான்.

தாராபுரம், ஓய்வு பெற்ற சர்வேயர்:

முடியும். பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஆணியில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிடச் சொல்லுங்கள். 40 சென்டிமீட்டர் கோடு நூலுக்குச் செங்கோணமாக, மரத்தின் பக்கம் நீண்டு நிற்க வேண்டும். தூரம் 200 அடி தெரியும் அல்லவா, உச்சியை ஒரு தடவை, அடியை ஒரு தடவை பார்த்து, முன்போலவே 40ஆல் வகுத்து 200ஆல் பெருக்கட்டும். அடி கோட்டுக்கு மேலே தெரிந்தால் உச்சிக் கணக்கிலிருந்து அடிக் கணக்கைக் கழிக்க வேண்டும், கீழே தெரிந்தால் கூட்ட வேண்டும். காற்று இல்லாத காலை நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், நூல் ஆடக்கூடாது.